சமூக மன்றமே போதும்னு எழுதின வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, சிங்கப்பூர்ல தமிழ் நாடகத்துக்கு எதுக்குங்க விக்டோரியா தியேட்டர், வாடகை ஏறுது டிக்கெட் விலையும் கூடவே ஏறுது, சமூக மன்றத்துலயோ கோயில் மண்டபத்துலயோ போட்டா நம்ம ஆளுங்க சிலிப்பரோட வந்து பாத்துட்டு போவாங்க, அந்த மாதிரி இடமெல்லாம் நமக்கு ஒட்டாதுன்னு. அத படிச்சு எனக்கு கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா நாப்பது வருஷத்துக்கு மேல நானும் அச்சு அசலா இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். போன மாசம் பேரன கூட்டிக்கிட்டு அங்க ஒரு தமிழ் நாடகம் பாக்கப் போனேன், போயிட்டு வந்ததுலேர்ந்து அந்தப் பேச்ச விட்டுட்டேன். என்ன ஆச்சுன்னு எழுதுறேன். கடிதம் நீளமாத்தான் வரும், இடம் பத்தலன்னா நடுவுல எங்க வேணா வெட்டிக்கிங்க, கடைசில மட்டும் கை வைக்காதீங்க.

எனக்கு அந்த இடம் புதுசே இல்ல, அதான் இதுல வேடிக்கை. 1977-ல, 19 வயசுல, நான் வேலைக்கு சேந்தது ஃபுல்லர்ட்டன் கட்டடத்துல இருந்த பெரிய தபால் நிலையத்துல. இப்ப அது ஓட்டலு, அங்க ஒரு ராத்திரி தங்குறதுக்கு என்னோட அப்போதைய மாச சம்பளம் பத்தாது. மத்தியானம் ஆச்சுன்னா நாங்க நாலஞ்சு பொண்ணுங்க கேவனா பாலத்த தாண்டி எம்பிரஸ் பிளேஸ் ஆத்தங்கரையில இருந்த சாப்பாட்டுக் கடைங்களுக்கு ஓடுவோம். ஆறு அப்ப இப்ப மாதிரி இல்ல, தொங்காங் படகுங்க முட்டி மோதிக்கிட்டு நிக்கும், வெயில் ஏற ஏற நாத்தம் மூக்கப் பொளக்கும், அந்த நாத்தத்துலயே உக்காந்து சாப்பிடுவோம், ருசியாவும் இருக்கும். தலைய தூக்குனா எதுத்தாப்ல விக்டோரியா மணிக்கூண்டு. எங்கள்ல யார் கையிலயும் ஒழுங்கா ஓடுற வாட்ச் கிடையாது, அந்த மணிக்கூண்ட பாத்துதான் ஐயையோ ஒன்னே முக்காலாச்சுன்னு எந்திரிச்சு ஓடுறது. இப்படி வருஷக்கணக்கா எனக்கு நேரம் சொன்ன கடிகாரம் அது, ஆனா அதுக்கு அடியில இருக்குற கதவ ஒரு நாள் கூட நான் தாண்டினதில்ல.

யாரும் உள்ள வராதேன்னு சொல்லல. ஓவர்டைம் முடிஞ்சு ராத்திரி பஸ்ஸுக்கு நடக்கும்போது பாத்தா வாசல்ல காரு வந்து வந்து நிக்கும், நீளமா கவுன் போட்ட அம்மாங்களும் டை கட்டுன ஐயாங்களும் எறங்குவாங்க, 1980-லேர்ந்து சிங்கப்பூர் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவும் பக்கத்து மண்டபத்துலதான் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. கசங்கின சேலையும் டிபன் பாக்ஸ் பையுமா போற நாம அங்க போயி என்ன பண்றதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். உங்க வாசகர் சொல்ற அந்த ஒட்டாதுங்குற வார்த்தை இருக்கே, அது எனக்கு நல்லாத் தெரியும்.

அதோட எங்களுக்கு நாடகம்னா வேற. எங்கப்பா செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பாத்தவரு. வெள்ளைக்காரன் பேஸ் இருந்த காலம், லைன் வீட்டுப் பக்கத்து திடல்ல எண்ணெய் டிரம்ம கவுத்துப் போட்டு மேல பலகைய அடுக்கி மேடை போடுவாங்க, நாங்க பாயி தலகாணியோட சாயங்காலமே போயி இடம் புடிச்சிருவோம். பொம்பள வேஷம் எல்லாம் ஆம்பளைங்கதான். எங்கப்பா ஒரு தடவ மீசைய எடுத்துட்டு சந்திரமதியா வந்து நின்னாரு, எங்கம்மாவோட கல்யாணச் சேலை, எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க, ஆனா மகன் செத்துக் கெடக்குற எடத்துல அப்பா அழுதப்ப அதே அம்மாதான் முதல்ல தேம்புனது. அதனால திடல்ல போடுற நாடகம் மட்டம்னு நான் சொல்லவே மாட்டேன். அது வேற சரக்கு. அதுக்கு தொண்டை வேணும், கடைசிப் பாயில உக்காந்திருக்குறவனுக்கும் கேக்குற மாதிரி கத்தணும், கத்துற நாடகமாத்தான் எழுதவும் செஞ்சாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். எம்மவதான் டிக்கெட் போட்டா. எஸ்ஜி கல்ச்சர் பாஸ்னு 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ள சிங்கப்பூரர் எல்லாருக்கும் அரசாங்கம் 100 வெள்ளி குடுத்திருக்குல்ல, உள்ளூர் கலை நிகழ்ச்சிங்களுக்கு மட்டும் செலவு பண்ற மாதிரி, அது எம்பேர்ல அப்படியே கெடந்துச்சு, எனக்கே தெரியாது. அதுலேர்ந்து என் டிக்கெட்ட எடுத்தா. பேரனுக்கு 11 வயசுதான், அதனால அவனுக்கு மட்டும் காசு குடுத்தோம். டிக்கெட் விலை ஏறிப் போச்சுன்னு வருத்தப்பட்ட அந்த வாசகர்கிட்ட நான் முதல்ல சொல்ல நெனக்கிறது இதுதான் ஐயா, உங்க சிங்பாஸ்ல, அதான் அரசாங்க இணையக் கணக்குல, போயி ஒரு தடவ பாருங்க, 2028 கடைசி வரைக்கும் அந்தக் காசு செல்லும். எங்க புளோக்குக்குக் கீழ கோப்பி குடிக்கிற கூட்டத்துல விசாரிச்சேன், ஏழு பேர்ல ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு, அவரும் ஒரு காசு தொடல.

எட்டு மணி நாடகத்துக்கு நாங்க ஈசூன்லேர்ந்து அஞ்சு மணிக்கே கெளம்பிட்டோம். நகர மண்டபம் ஸ்டேஷன்ல எறங்கினாலும் போயிடலாம், ஆனா நான் வேணும்னே ராஃபிள்ஸ் பிளேஸ்ல எறங்கி பழைய ஆபீஸ் வழியா கூட்டிட்டுப் போனேன். பேரன் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டே வந்தான். கேவனா பாலத்து முனையில இருக்குற பழைய போர்ட பாத்ததும்தான் வாயத் தொறந்தான். மூணு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமாரா 150 கிலோவுக்கு, மேல கனமான வண்டி, மாடு, குதிரை எதுவும் பாலத்துல ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கும். நான் அந்தப் பாலத்துல ஆயிரம் தடவ நடந்திருப்பேன், நின்னு படிச்சதே இல்ல. பாட்டி நீங்க ஏறலாம், கனம் கம்மிதான்னுட்டு ஓடிட்டான். கொழுப்பு.

பாலத்த தாண்டுனதும் கட்டடம் முழுசா தெரியும். வெளியில நின்னு பாக்குறப்ப ஒரே கட்டடம்னு தோணும், ஆனா ரெண்டு. மணிக்கூண்ட நடுவுல வச்சு ரெண்டையும் சேத்து வச்சிருக்காங்க. பழைய பாதிதான் இப்ப தியேட்டர் இருக்குற பக்கம், அது முதல்ல டவுன் ஹால். 1855-ல அடிக்கல் போட்டு 1862-ல முடிச்சாங்க, வடிவமைச்சவரு ஜான் பென்னட்டுன்னு ஒரு இன்ஜினியர். கீழ நாடகம் போட இடம், மேல ஆபீசு. பெறகு 1901-ல விக்டோரியா ராணி செத்ததும் அவங்க ஞாபகமா பக்கத்துலயே இன்னொரு மண்டபத்த கட்டி 1905-ல தொறந்தாங்க, மணிக்கூண்டு அடுத்த வருஷம் முடிஞ்சுது, 54 மீட்டர். புதுசு பளபளன்னு நிக்கவும் பழசு பக்கத்துல சோப்ளாங்கியா தெரிஞ்சிருக்கு போல, அதனால அதையும் மாத்தி எடுத்துக் கட்டி 1909-ல விக்டோரியா தியேட்டர்னு பேரு வச்சாங்க. மூத்தவனுக்கு எளையவன் சட்டைய போட்டுவிட்ட கதைதான்.

நாங்க போயி ஏறுனது எளையவன் வீட்டுக்கு. ரெண்டுக்கும் வாசல் வேற வேறன்னு தெரியாம கச்சேரி மண்டபத்துப் பக்கம் போயி டிக்கெட்ட நீட்டுனா அங்க நின்ன புள்ள, மலாய்க்காரப் புள்ள, சிரிச்சுக்கிட்டே ஆண்டி இது இங்க இல்ல, வாங்கன்னு நடுவுல இருக்குற கூடம் வழியா தியேட்டர் வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போனா. நாப்பது வருஷமா எந்த வாசலுக்கு நான் பயந்துக்கிட்டிருந்தேனோ அங்க ஒருத்தரும் என் சேலையப் பாக்கல, செருப்பப் பாக்கல. முன்னாடி போன ஒரு பையன் அரைக்கால் சட்டையில போனான், அது எனக்கே கொஞ்சம் புடிக்கல, இருந்தாலும் சொல்றேன்.

உள்ள போனதும் பேரன் நின்னுட்டான். பாட்டி ஏன் சுவத்துல நாற்காலி இருக்குங்குறான். நெசமாத்தான். 2010-லேர்ந்து 2014 வரைக்கும் நாலு வருஷம் மூடிப் போட்டு 158 மில்லியன் வெள்ளி செலவுல ரெண்டு கட்டடத்தையும் புதுப்பிச்சாங்க இல்லையா, அப்ப தியேட்டர்லேர்ந்து கழட்டுன பழைய நாற்காலிங்கள காயலான் கடைக்கு அனுப்பாம, அந்த வார்ப்பிரும்புச் சட்டத்தையும் மரத்தையும் எடுத்து வரிசை வரிசையா சுவத்துல பதிச்சுட்டாங்க. பாக்க கோலம் மாதிரி இருக்கு, அழகுக்கு மட்டும் இல்ல, சத்தம் எதிரொலிக்காம இருக்கவும் அது உதவுதாம். நான் கிட்டப் போயி ஒரு இரும்புச் சட்டத்த தொட்டுப் பாத்தேன், ஏசியில சில்லுனு இருந்துச்சு, ஓரத்துல பூவேலை தேஞ்சு மழுங்கிப் போயிருந்துச்சு. அதுல ஒக்காந்து யார் யாரோ என்னென்னமோ பாத்திருப்பாங்க, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மீ கோரெங் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.

சீட்டுல போயி உக்காந்தோம், மொத்தமே 614 சீட்டுதான், மேல பால்கனியோட சேத்து. நான் ஏதோ கடல் மாதிரி இருக்கும்னு நெனச்சுப் போனேன், பாத்தா கைக்கு அடக்கமா இருக்கு, மேடை பக்கத்துல தெரியுது. இன்னும் முக்கா மணி நேரம் இருந்துச்சு. பேரன் போன எடுத்தான், நான் புடுங்கி வச்சிக்கிட்டு கதை சொன்னேன்.

நீ காலையில அசெம்ப்ளியில நின்னு பாடுறியே மஜுலா சிங்கப்பூரா, அது முத முதல்ல பாடப்பட்டது எங்க தெரியுமான்னேன். நேஷனல் ஸ்டேடியம்னான். இல்லடா, இதே மேடை. 1958 செப்டம்பர் 6. அப்ப இந்தத் தியேட்டர பழுது பாத்து மறுபடி தொறக்குற விழா, அதுக்குன்னு நகராட்சி மன்றம் சினிமாவுக்கு மியூசிக் போட்டுக்கிட்டிருந்த ஜுபிர் சையித் கிட்ட ஒரு பாட்டு கேட்டு வாங்குச்சு. நிகழ்ச்சிக் கடைசியில அத பாடுனாங்க, நல்லாருக்கேன்னு அடுத்த வருஷம் கொஞ்சம் சுருக்கி அதையே தேசிய கீதமா எடுத்துக்கிட்டாங்க. அதாவது ஒரு நாடு பொறக்குறதுக்கு முன்னாடியே அதோட பாட்டு இந்தக் கொட்டகையில பொறந்துருச்சு. நான் பொறந்தது அதே வருஷம் ஜூன், மூணு மாசக் கொழந்தை. பேரன் மேடைய ஒரு தடவ பாத்தான், என்னைய ஒரு தடவ பாத்தான், அப்ப நீங்களும் பாட்டும் சேம் ஏஜ்ஜான்னான். ஆமாண்டா, அது இன்னும் எளமையா இருக்கு.

வெள்ளைக்காரன் கட்டுன இடம் நமக்கு எப்படி ஒட்டும்னு கேக்குறவங்களுக்கு இன்னொன்னும் சொல்லணும். 1954 நவம்பர் 21, மக்கள் செயல் கட்சிய தொடங்குன கூட்டம் நடந்தது பக்கத்து மண்டபத்துலதான், அப்ப அது விக்டோரியா மெமோரியல் ஹால். 1952-ல போஸ்ட்மேனுங்க ஸ்டிரைக் பண்ணப்ப அவங்களுக்கு சட்ட ஆலோசகரா நின்னவரு லீ குவான் யூ, ரெண்டு வருஷம் கழிச்சு கட்சி தொடங்குறப்ப தபால்காரங்களும் முன்னாடி நின்னாங்க. நான் வேலைக்கு சேந்த புதுசுல பழைய போஸ்ட்மேன் ஒருத்தர், தமிழர்தான், கோப்பி குடிக்கும்போதெல்லாம் அந்த ஸ்டிரைக் கதைய சொல்லுவாரு, எங்களுக்கு அப்ப அதோட அருமை தெரியல, இவரு மறுபடி ஆரம்பிச்சுட்டாருடான்னு எந்திரிச்சுப் போயிருவோம். அதே மண்டபத்துலதான் 1947-ல, போர்க் காலத்துல சீனர்கள கூட்டமா கொன்ன சூக் சிங் படுகொலைக்கு ஜப்பான் ராணுவ அதிகாரிங்கள நிக்க வச்சு விசாரிச்சதும். 1942-ல குண்டு விழுந்தப்ப அடிபட்டவங்கள கெடத்துன ஆஸ்பத்திரியும் அதுதான். பேரன்கிட்ட அந்தப் பகுதிய நான் ரொம்ப விரிக்கல, சொல்ற நேரம் அது இல்ல.

இப்ப ஒரு கொறை. இது தியேட்டர் மேல இல்ல, நம்ம மேல. ஏழே முக்காலுக்கு அரங்கத்துல பாதி சீட்டு காலி. எட்டு அடிச்சு, கதவ மூடி, விளக்க அணைச்சு, முதல் காட்சியில ஒரு கெழவி தனியா உக்காந்து கீரை ஆயிறா, ஒரு பேச்சு கெடையாது, அந்த நேரம் பாத்து போன் லைட்ட அடிச்சுக்கிட்டு கும்பல் கும்பலா வந்தாங்க பாருங்க. எங்க வரிசையில மட்டும் எட்டு பேரு, நான் நாலு தடவ எந்திரிச்சு உக்காந்தேன், ஒரு அம்மா என் கால மிதிச்சுட்டு சாரி கூட சொல்லாம, எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்களான்னு என்கிட்டயே கேக்குறாங்க. பார்க்கிங் கெடைக்கலயாம். எம்ஆர்டின்னு ஒன்னு ஓடுதும்மா. இதே ஆளுங்க ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போறவங்கதான்.

நாடகத்தோட பேரு நான் எழுதல, விமர்சனம் எழுத எனக்கு வராது, நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருந்துச்சு, ரெண்டாம் பாதி இழுவை. ஆனா நான் கண்ணால பாத்த, காதால கேட்ட ஒன்ன சொல்றேன். அந்தக் கெழவிக்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தை இல்ல. அவன் வந்து பின்னாடி நிக்கிறான், அவ திரும்பாமலேயே, சாப்டியான்னு கேக்குறா. கத்தல, மைக்க வாய்க்குள்ள வச்சிக்கிட்டு பேசல, நம்ம வீட்டு அடுப்படியில எப்படிக் கேப்போமோ அப்படி, பாதி மூச்சுல. நாங்க பின்னாடியிலேர்ந்து நாலாவது வரிசை. அந்த சாப்டியா எனக்கு காதுக்குப் பக்கத்துல கேட்டுச்சு. எனக்கு முன்னாடி இருந்த ஒரு பெரியவரு கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு.

இத ஒரு சமூக மன்றத்துல போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும், ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒன்னுல போயி பாத்தேன், எதுன்னு வேணாம். அப்பாவோட சாவுக் காட்சி, மேடையில மகன் கதறிக்கிட்டிருக்கான், பக்கத்து கோர்ட்டுல பசங்க பாஸ்கெட் பால் தட்டுறாங்க, டொம் டொம் டொம்னு. மைக்கு கீச்சுன்னு கத்துது. கடைசி வரிசையில இருந்தவங்களுக்கு சாவு எப்ப நடந்துச்சுன்னே தெரியல. நடிச்ச புள்ளைங்க ஆறு மாசம் ஒத்திகை பாத்திருப்பாங்க. வாசகர் ஐயா, நீங்க சொல்ற மாதிரி சிரிப்பு நாடகமோ புராண நாடகமோ அங்க தாராளமா போடலாம், நானும் வரேன், சிலிப்பரோடயே வரேன். ஆனா மெதுவாப் பேசுற நாடகம்னு ஒன்னு தமிழ்லயும் எழுதுறாங்க இப்ப, அதுக்கு இந்த மாதிரி அரங்கம் வேணும். அது நமக்கு ஒட்டாதுன்னா, மெதுவாப் பேசுற நாடகமே தமிழனுக்கு வேணாம்னு ஆயிடும் இல்லையா?

பேரன் கதைக்கு வரேன். அவன் வீட்ல இங்கிலீஷ்தான், தமிழ் அவனுக்கு பரீட்சைப் பாடம். மேடைக்கு மேல இங்கிலீஷ்ல எழுத்து ஓடுச்சு, அத படிச்சுத்தான் பாத்துக்கிட்டிருந்தான். இதுல ஒரு கூத்து என்னன்னா எழுத்து கொஞ்சம் முந்தி வந்துரும், நடிகர் ஜோக்க முடிக்கிறதுக்குள்ள இவன மாதிரி படிக்கிறவங்க எல்லாம் சிரிச்சிருவாங்க, அவங்க சிரிச்சு முடிச்ச பெறகு தமிழ் கேக்குற எங்கள மாதிரி ஆளுங்க சிரிப்போம். ஒரே ஜோக்குக்கு ரெண்டு தவணை. நடிகருங்க பாடு திண்டாட்டம்தான். இடைவேளை முடிஞ்சு ஒரு எடத்துல கெழவி மகனப் பாத்து, இந்த வீம்பு உங்கப்பன்கிட்டேர்ந்து வந்தது டாங்குறா. பேரன் மேல பாத்தான், என் பக்கம் குனிஞ்சு, பாட்டி வீம்புன்னா என்ன, மேல சும்மா பிடிவாதம்னுதான் போட்டிருக்கு, ஆனா எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு கேட்டான். பெறகு சொல்றேன்னேன். வெளியில வந்து, தாத்தாவுக்கும் பெரிய தாத்தாவுக்கும் ஒரு குடைக்காக பதினோரு வருஷம் பேச்சு இல்லாம இருந்துச்சே, அதான் வீம்புன்னேன். இப்ப வீட்ல அவன் அம்மாவ பாத்து அந்த வார்த்தைய தூக்கிப் போடுறான், எம்மவ என்னைய முறைக்கிறா.

நாடகம் முடியும்போது பத்தே கால். அவனுக்குத் தூக்கம். நான்தான் இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்னு இழுத்துக்கிட்டுப் போனேன். வாசல்ல ராஃபிள்ஸ் சிலை, கறுப்பு வெண்கலம், 1887-ல பாடாங் திடல்ல வச்சது, 1919-ல இங்க கொண்டாந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த எடத்துல நின்னது யானை. சயாம் ராஜா சுலாலங்கோன் 1871-ல வந்துட்டுப் போன ஞாபகமா குடுத்த வெண்கல யானை, ராஃபிள்ஸுக்கு எடம் விட்டு இப்ப பக்கத்துல பழைய பார்லிமெண்ட் வாசல்ல நிக்கிது. அந்த யானையோட பீடத்துல நாலு பக்கமும் நாலு மொழி, சயாம் மொழி, ஜாவி (அரபி எழுத்துல எழுதுற மலாய்), சீனம், இங்கிலீஷ். தமிழ் இல்ல. பாத்தியா பாட்டி, நம்மள விட்டுட்டாங்கன்னான்.

அப்படியா, வான்னு தூபிக்கு கூட்டிட்டுப் போனேன். தியேட்டர்லேர்ந்து கூப்பிடு தூரம். டல்ஹவுசி தூபி, 1850 பிப்ரவரில இந்தியாவோட கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்துட்டுப் போனதுக்கு வச்சது. அத வடிவமைச்சவரு யாரு? ஜான் டர்ன்புல் தாம்சன்னு அரசாங்க சர்வேயர், டவுன் ஹால கட்டுறதுக்கு முன்னாடியே இத வச்சிட்டாரு. இதுலயும் நாலு பக்கம் நாலு மொழி, இங்கிலீஷ், சீனம், ஜாவி, நாலாவது தமிழ். அந்தத் தியேட்டருக்கு அடிக்கல் போடுறதுக்கு முன்னாடியே தமிழ் அங்க வெளியில நின்னுக்கிட்டிருக்கு ஐயா. இதுல ஆச்சரியம் ஒன்னும் இல்ல, நாராயண பிள்ளை 1819-லயே ராஃபிள்ஸோட கப்பல்ல வந்து எறங்கி செங்கல் சூளை போட்டவரு. கொஞ்சம் தள்ளி இருக்குற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்த கட்டுனது இந்தியாவுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்க, அந்த வெள்ளைச் சுவத்துப் பூச்சுக்கு மெட்ராஸ் சுண்ணாம்புன்னே பேரு, சிப்பிச் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் போட்டு அரைச்சு, தேங்கா நாரு ஊறுன தண்ணி விட்டுக் கொழைச்சு பூசுவாங்களாம். இந்த வட்டாரத்துல நம்மாளுங்க கை படாத சுவரு எதுன்னு தேடத்தான் வேணும், நாம என்னடான்னா ஒட்டாதுன்னு பஸ் ஸ்டாப்ல நிக்கிறோம்.

ராத்திரி வெளிச்சம் பத்தல. பேரன் போன் லைட்ட அடிச்சு தமிழ்ப் பக்கத்துல விரல வச்சு ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் பாத்தான். எழுத்து நெருக்கமா இருக்கு, வாக்கியம் அந்தக் காலத்து நடை, ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல நகரல. என் கண்ணாடியும் பையில எங்கயோ மாட்டிக்கிச்சு. கடைசி ரயிலுக்கு நேரமாயிட்டே இருந்துச்சு, தலைய தூக்கி மணிக்கூண்ட பாத்தேன், பழக்கம் விடல பாருங்க, பத்து முப்பத்தஞ்சு. வர்ற சனிக்கிழமை காலையில அவனுக்கு டியூஷன் இல்ல, வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கிட்டு பகல் வெளிச்சத்துல போறதா இருக்கோம், முழுசா எழுதி எடுத்துட்டு வந்துர்றேன்னு சொல்லியிருக்கான். அந்த வாசகரும் வரதுன்னா வரட்டும், ஒன்பதரைக்கு தூபிகிட்ட நிப்போம், டிக்கெட் கெடையாது, சிலிப்பர் போட்டுக்கிட்டே வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் நிலைய ஊழியர்,
ஈசூன்